சீஎன்சீ இயந்திரமும் நிலைபொருளும்: எதைத் தெரிவு செய்வது, ஏன்?



"வன்பொருள், மென்பொருள், நிலைபொருள் ஆகியவற்றை வேறுபடுத்துக" என்று ஒரு வினா வந்தால் முதல் இரண்டையும் நீங்கள் தடுமாறாமல் எழுதிவிடுவீர்கள். தொட்டுப் பார்க்கக்கூடியது வன்பொருள். அறிவுறுத்தல்களின் தொகுதி மென்பொருள். மூன்றாவதில்தான் பேனை நின்றுவிடும். அந்த இடத்தைக் கடப்பதற்காகப் பலரும் ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்: "வாசிப்பு மட்டும் நினைவகத்தில் நிரந்தரமாக எழுதப்பட்ட, மாற்ற முடியாத மென்பொருள் நிலைபொருள் எனப்படும்."

நானும் சில வருடங்கள் இதையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்த வசனத்தில் "மாற்ற முடியாத" என்ற சொற்கள் இன்று பொருந்தா. என்னிடம் படித்த ஒரு மாணவனே அதை எனக்குக் காட்டித் தந்தான். அதற்கு ஒரு தேக்குப் பலகையும் கிட்டத்தட்டப் பலியாகப் பார்த்தது. அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன். முதலில் சீஎன்சீ இயந்திரம் என்றால் என்ன என்று பார்ப்போம். நிலைபொருளை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது?

சீஎன்சீ என்பது கணினி எண்ணியல் கட்டுப்பாடு என்பதன் சுருக்கம். எண்களைக் கொடுத்து இயந்திரத்தை இயக்கும் முறை அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1952 ஆம் ஆண்டு செய்துகாட்டப்பட்டது. அன்று அது அறை ஒன்றை நிரப்பும் பெரிய பொருள். இன்று மேசையில் வைக்கக்கூடிய சிறிய இயந்திரங்கள் பொழுதுபோக்காளர்களிடமும் சிறு பட்டறைகளிடமும் உள்ளன. அவற்றுள் பரவலானது "3018" எனப்படும் வகை. 300 மில்லிமீற்றர் நீளம், 180 மில்லிமீற்றர் அகலம் கொண்ட வேலைப்பரப்பையே அந்த எண் குறிக்கிறது.

கணிதபாடத்தில் படித்த ஆள்கூற்றுத் தளத்தை நினைவுபடுத்துங்கள். எக்ஸ் அச்சு இடம் வலம், வை அச்சு முன் பின். மேலும் கீழுமாக இசட் அச்சு. ஒவ்வோர் அச்சிலும் ஒரு படிமோட்டர் உண்டு. சாதாரண மோட்டருக்கு மின்னைக் கொடுத்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். படிமோட்டர் அப்படியல்ல, ஒரு மின்துடிப்பு கொடுத்தால் ஒரு படி மட்டும் திரும்பி நிற்கும். இந்த இயந்திரங்களில் உள்ள மோட்டர்கள் பெரும்பாலும் ஒரு படிக்கு 1.8 பாகை திரும்புவன. எனவே ஒரு முழுச் சுற்றுக்கு 360 ÷ 1.8 = 200 படிகள். மோட்டரைச் செலுத்தும் சுற்று ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3200 துடிப்புகள் தேவைப்படும். மோட்டரோடு பொருத்திய திருகுதண்டு ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீற்றர் முன்னேற்றுமானால்,

3200 ÷ 4 = 800

அதாவது வெட்டும் அலகு 1 மில்லிமீற்றர் நகர 800 துடிப்புகள் வேண்டும். இந்த 800 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

திரையில் வரைந்த படம் மரத்தில் வெட்டாக மாறுவதற்கு நடுவில் மூன்று வகையான செய்நிரல்கள் வேலை செய்கின்றன. முதலாவது வரைதலும் பாதை அமைத்தலும். "இந்த எழுத்தை 2 மில்லிமீற்றர் ஆழத்தில் இந்த அலகால் வெட்டு" என்று நாம் தீர்மானிக்க, மென்பொருள் அதை ஜீ-குறிமுறை என்னும் கட்டளைகளாக எழுதித் தரும். இரண்டாவது அனுப்புநிரல், அந்தக் கட்டளைகளை வரிவரியாக யூஎஸ்பி வடத்தினூடாக அனுப்புவது. இவை இரண்டும் கணினியில் பணிசெயன் முறைமையின் மேல் இயங்குவதால் பிரயோக மென்பொருள்கள். மூன்றாவது, இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள சிறிய சில்லுக்குள் இருப்பது. வரும் கட்டளையை வாசித்து, எந்த மோட்டருக்கு எத்தனை துடிப்பு, எந்த வேகத்தில் என்று கணித்து அனுப்புவது அதன் வேலை. அதுதான் நிலைபொருள்.

ஜீ-குறிமுறையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு சிறு துண்டு இதோ. (கணினியில் இவை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சுச் செய்யப்படும்.)

ஜீ21
ஜீ90
ஜீ0 எக்ஸ்10 வை10
ஜீ1 இசட்-1 எஃப்100
ஜீ1 எக்ஸ்50 எஃப்300

முதல் வரி "அளவுகள் மில்லிமீற்றரில்" என்கிறது. ஜீ20 என்றிருந்தால் அங்குலம். இரண்டாவது வரி ஆள்கூறுகள் யாவும் உற்பத்தியிலிருந்து அளக்கப்படும் என்று சொல்கிறது. மூன்றாவது, வெட்டாமல் (10, 10) என்ற புள்ளிக்கு விரைந்து செல்லும் கட்டளை. நான்காவது, 1 மில்லிமீற்றர் கீழே இறங்குவது. ஐந்தாவது, நிமிடத்துக்கு 300 மில்லிமீற்றர் வேகத்தில் எக்ஸ் = 50 வரை வெட்டிக்கொண்டு போவது. தூரம் 40 மில்லிமீற்றர், வேகம் செக்கனுக்கு 5 மில்லிமீற்றர், ஆகவே 8 செக்கன். கேத்திர கணிதம் தெரிந்த பிள்ளைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

கணினியே நேரடியாகச் செய்தால் என்ன?

இது நல்ல வினா. இதற்கு விடை தெரிந்தால் நிலைபொருள் ஏன் தேவை என்பதும் விளங்கிவிடும்.

நிமிடத்துக்கு 600 மில்லிமீற்றர் வேகத்தில் வெட்டுவதாகக் கொள்வோம். அது செக்கனுக்கு 10 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு 800 துடிப்பு என்றால் செக்கனுக்கு 8000 துடிப்புகள். இரண்டு துடிப்புகளுக்கு இடையில் உள்ள நேரம் ஒரு செக்கனின் 8000 இல் ஒரு பங்கு, அதாவது 125 மைக்குரோ செக்கன். இது ஒழுங்காக, தாளம் தப்பாமல் நடக்க வேண்டும்.

நம்முடைய கணினியில் இயங்கும் பணிசெயன் முறைமை ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கிறது. வைரசு எதிர்ப்பு மென்பொருள் கோப்புகளைச் சோதிக்கும். சுட்டியை அசைத்தால் அதற்குப் பதில் சொல்லும். இவற்றுக்கிடையில் நமது வேலைக்கு 5 மில்லி செக்கன் தாமதம் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த 5 மில்லி செக்கனில் 40 துடிப்புகள் போயிருக்க வேண்டும். துடிப்பு திடீரென நின்று மறுபடி முழு வேகத்தில் வந்தால் மோட்டரின் சுழலி அதன் சடத்துவம் காரணமாகப் பின்தொடர முடியாமல் படிகளைத் தவறவிடும். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. இத்தகைய சிறிய இயந்திரங்களில் "நான் உண்மையில் எங்கே நிற்கிறேன்" என்று திருப்பிச் சொல்லும் உணரி எதுவும் இல்லை. துடிப்பை அனுப்பினால் நகர்ந்துவிட்டது என்று கட்டுப்படுத்தி நம்பிக்கொள்ளும். ஒருதடவை தவறிய படி கடைசி வரைக்கும் பிழையாகவே தொடரும். எழுத்தின் ஒரு பாதி சரியாகவும் மறுபாதி விலகியும் வெட்டப்பட்ட பலகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கு மூன்று வழிகள் வந்தன. தெரிவு என்பது இந்த மூன்றுக்கும் இடையில்தான்.

முதல் வழி, கணினியே துடிப்பை அனுப்பட்டும், ஆனால் வின்டோசுக்குள் ஆழமாக ஒரு சிறப்புச் செலுத்தி நிரலைப் புகுத்திவிடுவோம் என்பது. மாக்3 என்ற மென்பொருள் இவ்வாறு வேலை செய்தது. பழைய அச்சுப்பொறிகளுக்கு இருந்த 25 ஊசிச் சமாந்தரத் துறையே இதன் வெளிவாயில். ஓர் அச்சுக்குப் படிக்கு ஓர் ஊசி, திசைக்கு ஓர் ஊசி. மூன்று அச்சுக்கு ஆறு ஊசி. 2000 களில் பொழுதுபோக்காளர்கள் மிகப் பலர் இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அதன் சமாந்தரத் துறைச் செலுத்தி 32 பிற்று வின்டோசில் மட்டுமே இயங்கும். இன்று கடையில் வாங்கும் மடிக்கணினியில் சமாந்தரத் துறையும் இல்லை, 32 பிற்று வின்டோசும் இல்லை. வின்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 இலும் வின்டோஸ் 7 இற்கு 2020 இலும் ஆதரவு நிறுத்தப்பட்டது. மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணினி ஒன்றை இணையத்தோடு இணைக்காமல் இதற்கென்றே வைத்திருப்பவருக்கு இது இன்றும் உதவும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாக்3 பணம் கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள். அனுமதி இல்லாத மாதிரிப் பதிப்பு 500 வரிக் கட்டளைகளை மட்டுமே ஏற்கும். ஒரு பூ வேலைப்பாட்டுக்கு ஆயிரக்கணக்கான வரிகள் வரும். அதனால் "உடைத்த" இறுவட்டைத் தேடிப் போகிறார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணினி நிரல்களும் பாதுகாக்கப்படுகின்றன என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, யார் எதைச் சேர்த்துவைத்தார்கள் என்று தெரியாத ஒரு நிரலின் கையில் சுழலும் கத்தியை ஒப்படைப்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, பணிசெயன் முறைமையையே நேரம் தவறாததாக மாற்றுவது. லினக்ஸ்சீஎன்சீ இவ்வகை. அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவகம் உருவாக்கிய கட்டுப்பாட்டு நிரல் ஒன்றிலிருந்து வளர்ந்தது. நிகழ்நேரக் கருவுடன் கூடிய லினக்சில் இது இயங்கும். துடிப்பு அனுப்பும் வேலைக்கு முதலிடம், மற்றவை காத்திருக்கும். இலவசம், திறந்த மூலம். நிறுவும் முன் அந்தக் கணினி எவ்வளவு தாமதிக்கிறது என்று அளந்து பார்ப்பதற்கே அதில் ஒரு சோதனை நிரல் உண்டு. விலை கூடிய கணினி சில வேளை இச்சோதனையில் தோற்க, பழையது ஒன்று தேறிவிடும். நான்காவது, ஐந்தாவது அச்சு உள்ள இயந்திரம், நிலையைத் திருப்பிச் சொல்லும் உணரிகள் உள்ள மோட்டர் என்று வரும்போது இதற்கு இணையான இலவசத் தெரிவு குறைவு. ஆனால் கற்க நாளெடுக்கும்.

மூன்றாவது வழி, துடிப்பு வேலையைக் கணினியிடமிருந்து எடுத்து, வேறெந்த வேலையும் இல்லாத ஒரு சிறு சில்லிடம் கொடுத்துவிடுவது. கணினி கட்டளை வரியை மட்டும் அனுப்பும். நேரக் கணக்கு சில்லின் பாடு. ஜிஆர்பிஎல் என்ற நிலைபொருள் இந்த வழியைப் பிரபலமாக்கியது. நோர்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ரூட் 2009 இல் இதைத் தொடங்கினார். பின்னர் சுங்கூன் ஜியோன் பொறுப்பேற்று வளர்த்தார். ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள அற்மெகா328 என்ற நுண்கட்டுப்படுத்தியிலேயே இது இயங்குகிறது. 3018 வகை இயந்திரங்களில் பெரும்பாலும் இதுவே இருக்கும்.

அந்தச் சில்லைச் சற்று உற்றுப் பார்ப்போம். உங்கள் நினைவகப் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. நிரலை வைத்திருக்கப் பிளாஷ் நினைவகம் 32 கிலோபைற்று. ஓடும்போது கணக்குப் பார்க்கத் தற்போக்கு அணுகல் நினைவகம் 2 கிலோபைற்று. அமைப்பு எண்களைச் சேமிக்க, மின்னால் அழித்து மீள எழுதக்கூடிய நினைவகம் 1 கிலோபைற்று. மின் போனால் நடுவில் சொன்னது மட்டும் வெறுமையாகும். மற்ற இரண்டும் அழியாநினைவகங்கள். 32 கிலோபைற்று என்பது 32 × 1024 = 32,768 பைற்று. கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட இது போதாது. இதற்குள் செக்கனுக்கு 30,000 துடிப்பு வரை மூன்று அச்சுகளுக்கு அனுப்பும் நிரலை அடக்கியிருக்கிறார்கள்.

கணினியும் சில்லும் பேசிக்கொள்ளும் முறையும் அழகானது. ஆசிரியர் வகுப்பில் "சொல்வதெழுதுதல்" கொடுப்பதைப்போல. கணினி ஒரு வரியை அனுப்பும். சில்லு அதை வாங்கிக்கொண்டு "சரி" என்று திருப்பிச் சொல்லும். பிறகுதான் அடுத்த வரி. சில்லு எப்போதும் சில வரிகளை முன்கூட்டியே வாங்கி வரிசையில் வைத்திருப்பதால் கணினி சற்றுத் தாமதித்தாலும் வெட்டு நிற்காது. முன்னால் ஒரு வளைவு வருகிறது என்று தெரிந்தால் முன்னதாகவே அமர்முடுகவும், நேர்கோட்டில் ஆர்முடுகவும் செய்யும்.

இடம் சிறிதானதால் சில வசதிகளை ஜிஆர்பிஎல் விட்டுவிட்டது. துளையிடுவதற்கென உள்ள ஜீ81 என்ற தொகுப்புக் கட்டளை லினக்ஸ்சீஎன்சீக்குத் தெரியும், ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாது. அலகை மாற்றும் எம்6 கட்டளையும் தெரியாது. அனுப்பினால் "வழு 20" என்று சொல்லி மறுத்துவிடும். மேலும் வசதி வேண்டுவோருக்கு 32 பிற்றுச் சில்லுகளில் இயங்கும் கிரில்ஹால், ஈஎஸ்பி32 சில்லுக்கான ஃபுளூயிட்என்சீ போன்றவை இப்போது உள்ளன. பலகையைப் புதிதாகவே வாங்கப்போகிறவர் இவற்றைப் பார்ப்பது நல்லது. முப்பரிமாண அச்சுப்பொறிக்கென எழுதப்பட்ட மார்லினை மரம் வெட்டவும் சிலர் பயன்படுத்துகிறார்கள். முடியும், ஆனால் செருப்புக் கட்டையால் ஆணி அடிப்பதும் முடியுந்தானே.

தெரிவைக் கீழிருந்து தொடங்குங்கள்

அழகான படம் வரையும் மென்பொருளில் மயங்கி அதை முதலில் தேடுவதே தொடங்குபவர்கள் விடும் பிழை. வரிசை எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். இயந்திரத்தில் உள்ள பலகை எது, அதில் எந்த நிலைபொருள் இயங்கும், அந்த நிலைபொருளோடு பேசக்கூடிய அனுப்புநிரல் எது, கடைசியில்தான் வரைதல். காரணம், கீழே போகப்போக மாற்றுவது கடினம். கணினியில் ஒரு மென்பொருளை நீக்கி இன்னொன்றைப் போடச் சில நிமிடம் போதும். பலகையை மாற்றக் காசு வேண்டும்.

ஜிஆர்பிஎல்லுக்கு அனுப்புநிரல் பல உண்டு. கண்டில் எளியது, பழைய கணினியிலும் ஓடும். யுனிவர்சல் ஜீகோட் சென்டர் ஜாவாவில் எழுதப்பட்டதால் வின்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் இயங்கும். இரண்டும் இலவசம். இதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ஒன்று பிடிக்காவிட்டால் மற்றதை எடுக்கலாம். வடத்தைச் செருகியும் கணினி பலகையைக் காணவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். விலை குறைந்த பலகைகளில் பெரும்பாலும் சீஎச்340 என்ற இணைப்புச் சில்லு இருக்கும். அதற்குரிய செலுத்தி நிரலைக் கணினியில் நிறுவ வேண்டியிருக்கும்.

வரைதலுக்கு இங்க்ஸ்கேப் இலவசமானது. காவி வரைவியல் என்று நீங்கள் படிப்பதை அதில் கண்ணால் காணலாம். படப்புள்ளிப் படத்தைச் சீஎன்சீக்கு அப்படியே கொடுக்க முடியாது, கோடாக மாற்றியே கொடுக்க வேண்டும் என்பதும் அப்போது புரியும். ஃபிரீகாட் கனமான பகுதிகளை வடிவமைக்க ஏற்றது, திறந்த மூலம், இணையம் தேவையில்லை. ஈசல் உலாவியிலேயே இயங்குவதால் கற்க மிக எளிது, ஆனால் இணைய இணைப்பு வேண்டும். தரவு அட்டை தீர்ந்தால் வேலையும் நிற்கும். ஃபியூஷன் மிகவும் வலியது. தனியாள் பாவனைக்கு இலவசமாக இருந்த அதன் வசதிகள் சிலவற்றை 2020 இல் குறைத்துவிட்டார்கள். விரைந்து நகரும் கட்டளைகளைக்கூட இலவசப் பதிப்பு வெட்டும் வேகத்துக்கு இறக்கிவிடுகிறது. "இலவசம்" என்பதும் "திறந்த மூலம்" என்பதும் ஒன்றல்ல என்று எழுதச் சொன்னால் இந்த உதாரணத்தை எழுதுங்கள். முதலாவதை உரிமையாளர் நினைத்த நேரம் திரும்பப் பெறலாம்.

எதை எடுத்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. வரைதல் மென்பொருள் கட்டளைகளை எழுதும்போது "எந்தக் கட்டுப்படுத்திக்கு?" என்று கேட்கும். ஜீ-குறிமுறையும் நம் தமிழைப்போலத்தான், ஊருக்கு ஊர் பேச்சு மாறும். அங்கே நிலைபொருளின் பெயரைச் சரியாகக் கொடுக்காவிட்டால் மேலே சொன்ன வழு 20 வரும்.

தேக்குப் பலகையின் கதை

என் பழைய மாணவன் ஒருவன் உயர்தரம் முடித்து, தகப்பனாரின் தச்சுப் பட்டறையில் ஒரு 3018 இயந்திரத்தை வைத்து வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்கிக்கொடுத்து வந்தான். எழுத்தைச் சுட்டு எழுதும் லேசரையும் பொருத்த ஆசைப்பட்டான். அவனுடைய பலகையில் இருந்தது ஜிஆர்பிஎல் 0.9. லேசருக்கான தனிப் பயன்முறை 1.1 பதிப்பில்தான் வந்தது. ஆகவே ஓர் இரவு புதிய நிலைபொருளைத் தரவிறக்கி, யூஎஸ்பி வடத்தாலேயே சில்லுக்குள் ஏற்றிவிட்டான். சில செக்கன் வேலை.

மறுநாள் ஒரு வீட்டுக்காரருக்கு 160 மில்லிமீற்றர் நீளத்தில் பெயர் வெட்ட வேண்டும். தகப்பனார் பல காலம் பொத்தி வைத்திருந்த தேக்கு. இயந்திரம் வழமையைவிட ஆறுதலாக ஓடியது. முடிந்து பார்த்தால் பெயர் பலகையின் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் குந்திக்கொண்டிருந்தது. மோட்டர் பழுதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று பட்டறையில் முடிவு கட்டிவிட்டார்கள். அவன் பலகையையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சேர், நிலைபொருளை மாத்தேலாது எண்டுதானே நீங்கள் படிப்பிச்சனீங்கள்? நான் மாத்திப்போட்டன். அதாலதான் பழுதாப் போச்சோ?"

நான் கலைப்பட்டதாரி. மோட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அடிமட்டம் வைத்து அளக்கத் தெரியும். அளந்தோம்: சரியாக 50 மில்லிமீற்றர். 50 ÷ 160 = 0.3125. பழுதான மோட்டர் இப்படி ஒழுங்காகப் பிழை விடாது. எழுத்து ஒன்றுகூட வளையவில்லை, எல்லாம் ஒரே விகிதத்தில் சிறுத்திருந்தன. அப்படியானால் பிழை எங்கோ ஓர் எண்ணில் இருக்கிறது.

அனுப்புநிரலைத் திறந்து $$ என்று தட்டச்சுச் செய்தால் ஜிஆர்பிஎல் தன் அமைப்பு எண்கள் யாவற்றையும் காட்டும். அதில் $100, $101, $102 என்ற மூன்றும் முறையே எக்ஸ், வை, இசட் அச்சுகளுக்கு ஒரு மில்லிமீற்றருக்கான துடிப்புகள். மூன்றிலும் 250 என்று இருந்தது. நீங்கள் ஞாபகத்தில் வைத்திருக்கும் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 250 ÷ 800 = 0.3125.

நடந்தது இதுதான். நிரல் இருப்பது பிளாஷ் நினைவகத்தில். அமைப்பு எண்கள் இருப்பது வேறொரு நினைவகத்தில். 0.9 பதிப்பு எண்களைச் சேமித்த ஒழுங்கும் 1.1 பதிப்பின் ஒழுங்கும் வேறு. புதிய நிரல் முதன்முதலாக விழித்ததும் பழைய எண்களைத் தன்னால் நம்ப முடியாதென்று கண்டு, அவற்றைத் துடைத்துவிட்டுத் தன்னுடைய பொதுவான எண்களை எழுதிக்கொண்டது. ஜிஆர்பிஎல்லின் பொது எண் 250. அந்த எண்ணுக்கும் அவனுடைய திருகுதண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. $100=800 என்றும் மற்ற இரண்டையும் அவ்வாறே கொடுத்ததும் இயந்திரம் பழைய நிலைக்கு வந்தது. புதிய நிலைபொருளை ஏற்றுமுன் $$ கொடுத்து வரும் எண்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. உயர்ந்தபட்ச வேகம், ஆர்முடுகல் முதலான எண்களையும் பிறகு ஒவ்வொன்றாக அவன் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

பலகை தப்பியதற்கும் இதே விகிதமே காரணம். ஆழமும் 2 மில்லிமீற்றருக்குப் பதிலாக 2 × 0.3125 = 0.625 மில்லிமீற்றர்தான் இறங்கியிருந்தது. தகப்பனார் சீவுளியால் ஒரு படை சீவிவிட்டு அதே பலகையைத் திருப்பிக் கொடுத்தார். புது மோட்டர் வாங்கும் பேச்சும் நின்றது.

அதன் பின்னர் நான் வகுப்பில் எழுதிப்போடும் விடை இது:

"வன்பொருள் சாதனம் ஒன்றினுள் உள்ள அழியாநினைவகத்தில் சேமிக்கப்பட்டு, அச்சாதனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தும் மென்பொருள் நிலைபொருள் எனப்படும். பாவனையாளர் இதனை அன்றாடம் மாற்றுவதில்லை. எனினும் பிளாஷ் நினைவகத்தில் உள்ளபோது இதனை இற்றைப்படுத்தலாம். உதாரணம்: கணினியின் பயோஸ், சீஎன்சீ இயந்திரத்தின் கட்டுப்பாட்டு நிரல்."

பழைய முகமூடி றொம் சில்லுகளில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டது உண்மையில் மாறாது. பழைய நூல்கள் அதைக் கருத்திற் கொண்டே எழுதின. ஆகவே பழைய நூலைக் குறை சொல்லிப் பயனில்லை. வினாவில் "றொம்மில் சேமிக்கப்படுகிறது, சரியா பிழையா" என்று மட்டும் வந்தால் சரி என்றே எழுதுங்கள். "ஒருபோதும் மாற்ற முடியாது" என்று வந்தால் யோசியுங்கள்.

இயந்திரத்தைத் தொடப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அனுப்புநிரலில் உள்ள நிறுத்தும் பொத்தான் கணினி, வடம், சில்லு மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் வேலை செய்யும். மின்னையே துண்டிக்கும் ஆளி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தனியாக இருக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் லேசரைப் பார்க்கக்கூடாது. பீவீசீ தகட்டை லேசரால் சுடவே கூடாது. வெளிவரும் ஐதரசன் குளோரைட்டு வாயு நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்து அரிக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. வார்ப்பட்டியால் இயங்கும் இயந்திரம் ஒன்றில் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்டது, நுண்படி 16. மோட்டரில் உள்ள கப்பிக்கு 20 பற்கள். வார்ப்பட்டியின் பல்லிடைத் தூரம் 2 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்கான துடிப்புகளைக் காண்க.

2. மேற்படி எண்ணைக் கொடுத்தபின் 200 மில்லிமீற்றர் நகரக் கட்டளையிட, உண்மையில் 198 மில்லிமீற்றர் நகர்ந்தது. திருத்திய எண் யாது?

3. ஜிஆர்பிஎல்லைக் கொண்ட இயந்திரத்தை, சமாந்தரத் துறை இல்லாத 64 பிற்று வின்டோஸ் மடிக்கணினியுடன் பயன்படுத்தலாமா? காரணம் தருக.

விடைகள்

1. ஒரு சுற்றுக்கு நகர்வு 20 × 2 = 40 மில்லிமீற்றர். துடிப்புகள் 200 × 16 = 3200. ஆகவே 3200 ÷ 40 = 80.

2. 80 × 200 ÷ 198 = 80.81 (இரு தசம தானங்களுக்கு). குறைவாக நகர்ந்ததால் எண் கூட வேண்டும். உங்கள் விடை 80 இலும் குறைந்தால் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

3. ஆம். துடிப்புகளை உருவாக்குவது கணினியன்று, பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தி. கணினி கட்டளை வரிகளை யூஎஸ்பி ஊடாக அனுப்பினாற் போதும். (சமாந்தரத் துறை தேவைப்படுவது மாக்3 போன்ற முறைகளுக்கு என்று சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும்.)